வெளிநாட்டு டூர்... கார் சாவியா, ரயில் கார்டா? இரும்புலியூர் வீட்டில் ஒரு பஞ்சாயத்து!

டிக்கெட் போட்டாச்சு. விசா வந்தாச்சு. மாங்காய் ஊறுகாயை எந்தப் பெட்டியில் வைப்பது என்ற விவாதம்கூட முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இரும்புலியூரில் இருக்கும் அந்த வீட்டில் பெரிய பஞ்சாயத்தே ஆரம்பித்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க ஐந்து பேர் கிளம்புகிறார்கள். அங்கே ஊர் சுற்றுவதற்கு வாடகைக்கு கார் எடுப்பதா, இல்லை ரயில், பஸ்ஸிலேயே போவதா?

மகன் கார் கட்சி. "தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பெருங்களத்தூரைத் தாண்டினவன்பா நான். எங்க வேணும்னாலும் ஓட்டுவேன்" என்பது அவர் வாதம். அப்பா ரயில் கட்சி. இரும்புலியூருக்கென்று தனி ஸ்டேஷன் கிடையாது. தாம்பரத்துக்கோ பெருங்களத்தூருக்கோ போய்த்தான் ஏற வேண்டும். அப்படியே முப்பது வருடம் பீச் வரைக்கும் சீசன் டிக்கெட்டில் வேலைக்குப் போய் வந்தவர் அவர். "புது ஊர்ல ரோட்டைப் பாப்பியா, மேப்பைப் பாப்பியா? அப்புறம் ஊரை எப்போடா பாப்ப?" என்றார்.

மருமகள், நாலு வயதுப் பையனை நினைத்துக் கவலைப்பட்டார். அம்மாவிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு மூட்டுவலி. மேற்குத் தாம்பரத்துக்குப் போவதென்றால்கூட, யார் எப்போது ஃப்ரீ ஆவார்கள் என்று பார்த்துக் காத்திருந்தே பழகியவர்.

ஓட்டலாமா? தாராளமாக!

மகன் சொன்னதில் தவறில்லை. இந்திய லைசென்ஸுடன் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இருந்தால், சுற்றுலாப் பயணிகள் சிங்கப்பூரில் கார் ஓட்டலாம். பெர்மிட்டை நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம், ஒரு வருடம் செல்லும். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

ஆனால், வீடியோ காலில் வந்த மகள் சிரித்துவிட்டார். "அண்ணா, இங்க இருக்கற நாங்களே கார் வாங்கலை!" காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் கார் வாங்க, காரின் விலை போக, அதை வைத்துக்கொள்ளும் உரிமைக்கென்று தனிச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990 முதல் இருக்கும் நடைமுறை இது. பத்து வருடம் செல்லும் அந்தச் சான்றிதழின் விலை, அண்மை ஆண்டுகளில் ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியும் போயிருக்கிறது. நெரிசல் நேரத்தில் சில சாலைகளில் நுழைந்தாலே தானாகப் பணம் பிடிக்கும் மின்னணு முறையும் 1998-லிருந்து இருக்கிறது. பார்க்கிங் கட்டணம் தனி. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்கு காரில் தனி இருக்கை கட்டாயம். தெருவில் கார்கள் குறைய வேண்டும் என்று திட்டமிட்டே கட்டிய ஊரில், விருந்தாளி மட்டும் எதற்கு கார் ஓட்டிக் கஷ்டப்பட வேண்டும்?

கடைசியில், "முதல் மூணு நாள் ரயில். சரிப்படலைன்னா கார்" என்று உடன்பாடு ஆனது.

ஆளுக்கொரு கார்டு

சிங்கப்பூர் ரயில்களில் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகளையே வாசலில் தட்டிவிட்டு உள்ளே போகலாம். வெளிநாட்டு அட்டைக்குச் சிறு நிர்வாகக் கட்டணம் உண்டு. நம் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்பே இயக்கிவைக்க வேண்டும். முக்கியமாக, ஒரே கார்டைத் தட்டி இரண்டு பேர் போக முடியாது. அதனால் வங்கி கார்டு இல்லாத அம்மாவுக்கு, பணம் ஏற்றிக்கொள்ளும் ஈஸி-லிங்க் கார்டு ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்தார். அம்மா அதைச் சுருக்குப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

முதல் நாளே ரயிலில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கப் போய், மகளிடம் திட்டும் வாங்கினார். அங்கே ரயிலுக்குள் சாப்பிட்டால் 500 டாலர் வரை அபராதம். ஸ்டேஷன்களில் லிப்ட் இருந்ததால் மூட்டுவலி பெரிய தொந்தரவாக இல்லை. அறிவிப்புகளில் தமிழும் காதில் விழுந்தது.

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை. மகனும் மருமகளும் பையனைக் கூட்டிக்கொண்டு மண்டாய் மிருகக்காட்சி சாலைக்குப் போய்விட்டார்கள். மகள் அலுவலகத்தில். அப்பாவுக்கு வயிறு சரியில்லை, படுத்துவிட்டார். அம்மாவுக்கோ, வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும்.

கிளம்பிவிட்டார், தனியாக.

மகள் வீடு சிராங்கூன் ஸ்டேஷன் பக்கம். அங்கிருந்து ஐந்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. வண்டி மாற வேண்டியதில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டே போய் இறங்கினார். வாசலை மாற்றி, தேக்கா மார்க்கெட் பக்கம் வெளியே வந்துவிட்டார். பூக்கடையில் தமிழிலேயே வழி கேட்டு, சிராங்கூன் சாலையில் நடந்து, தரிசனம் முடித்து, மல்லிகைப் பூவும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் மகனுக்குக் கோபம். "ஏம்மா தனியா போன? தொலைஞ்சிருந்தா என்ன பண்றது?"

"நீ கார் எடுத்திருந்தா அது இந்நேரம் மிருகக்காட்சி சாலையில நின்னிருக்கும். நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இது என் பையில இருந்துச்சு, போனேன்" என்று கார்டை எடுத்துக் காட்டினார் அம்மா.

அந்த வீட்டில் அதுவரை யாரும் பேசாத கணக்கு இது. கார் ஒன்றுதான். ஐந்து பேரின் ஆசையும் தினமும் ஒரே திசையில் போவதில்லை. ஓட்டத் தெரிந்தவருக்கு கார் சுதந்திரம். பின் சீட்டில் இருப்பவருக்கு?

ரயிலுக்கும் எல்லை உண்டு

அன்று இரவு மகன் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. மண்டாய்க்குப் பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. கத்தீப் வரை ரயில், பிறகு பஸ். திரும்பும்போது தூங்கிவிட்ட பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அலைய முடியாமல் டாக்ஸி பிடித்தார்கள். அது சரியான முடிவுதான். ராத்திரி நேரம், கனத்த பெட்டி, தூங்கும் குழந்தை என்றால் டாக்ஸிக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

ஊருக்கு ஊர் கணக்கும் மாறும். கோலாலம்பூரில் பத்துமலை முருகன் கோயில் அருகிலேயே ரயில் போய் நிற்கிறது. அதே மலேசியாவில் கேமரன் மலைக்கு ரயில் கிடையாது. லண்டனின் மையப் பகுதிக்குள் கார் நுழைந்தால் நெரிசல் கட்டணம், 2003 முதல். துபாயில் வலது பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். அங்கே மெட்ரோ 2009-லேயே வந்துவிட்டது. ஆனால், கோடை வெயிலில் ஸ்டேஷன் வரை நடப்பதை யோசித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் பல புறநகர்களில் கார் இல்லாவிட்டால் பால் வாங்கக்கூடப் போக முடியாது.

எனவே, டூர் திட்டம் போடும்போது மூன்றைப் பாருங்கள். தங்கும் இடத்திலிருந்து ஸ்டேஷன் நடக்கும் தூரமா? கடைசி ரயில் எத்தனை மணிக்கு? வீட்டில் ஓட்டத் தெரியாதவர்கள், தனியாக எங்காவது போக ஆசைப்பட்டால் எப்படிப் போவார்கள்?

மூன்றாவது கேள்வியை அவர்களிடமே கேட்டுவிடுங்கள். முக்கால்வாசி வீடுகளில் அது அம்மாவாகத்தான் இருக்கும்.