முத்துசாமி மாஸ்டர் மெட்டு

போன மாதம் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே யாருடைய போனோ விசிலடித்தது. 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்து இசை. 1966இல் ரோமாபுரிக்காரர் என்னியோ மொரிக்கோனே போட்டது. போனை எடுத்த நாட்டாமைத் தம்பிக்கு அந்தப் பெயர் தெரியாது. "நல்லா இருந்துச்சி, போட்டுக்கிட்டேன்" என்றான்.

எனக்கு அப்பாவின் தேநீர்க்கடை ஞாபகம் வந்துவிட்டது.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியும் திருகோணமலை வீதியும் சந்திக்கிற ஊர் எங்கள் தம்புள்ளை. எண்பதுகளில் ராத்திரி லொறிகள் எங்கள் கடை வாசலில் நிற்கும். கல்லாவுக்கு மேலே தோலுறை போட்ட ரேடியோ. அதன் செப்புக் கம்பி தகரக் கூரைவரை ஏறியிருக்கும். சிங்களச் சேவையில் சில பழைய படப்பாட்டுகள் வந்தால், ஆற்றிக்கொண்டிருக்கும் பிளேன் டீயை அப்பா பாதியில் நிறுத்துவார்.

"நம்ம முத்துசாமி மாஸ்டர் மெட்டுடா! நாகர்கோயில்காரர்!"

கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்த சிங்கள டிரைவர் நிமிர்ந்து பார்ப்பார். "தமிழ் ஆளா?" அப்படிக் கேட்டவரிடம் அப்பா அந்த டீக்குக் காசு வாங்க மாட்டார்.

ஆர். முத்துசாமி வயலின் கலைஞர். எஸ். எம். நாயகம் தயாரித்த 'பிரேம தரங்கய' (1953) வழியாகச் சிங்களத் திரைக்கு வந்து, இந்த நாட்டிலேயே தங்கிவிட்டவர். 'குத்துவிளக்கு' (1972) என்ற ஈழத்துத் தமிழ்ப் படத்துக்கும் அவர்தான் இசை. 1988இல் அவர் காலமான செய்தி வந்தபோது அப்பா ரேடியோவை அணைக்கவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தார். ராத்திரி முழுக்கக் கடை திறந்திருந்தது.

மொரிக்கோனேயின் பெயரைச் சொல்ல 2016இல் ஆஸ்கார் மேடை இருந்தது. மாஸ்டர் பெயரைச் சொல்ல, நானறிய, அந்தத் தகரக் கூரை இருந்தது. இப்போது அந்த இடத்தில் போன் ரீலோட் கடை. அப்பாவும் இல்லை. அந்தப் பாட்டுகளை இன்று என் போனிலேயே கேட்கலாம், கேட்கிறேன். பாதி ஆற்றிய டீயோடு ஒரு மனிதர் பெயர் சொல்லிப் பெருமைப்பட்டது மட்டும் அதில் வருவதில்லை.

அன்று நாட்டாமைத் தம்பியிடம் மொரிக்கோனே பெயரைச் சொன்னேன். முத்துசாமி மாஸ்டர் பெயரையும் சேர்த்தே சொன்னேன். நீங்களும் பழைய சிங்களப் பாட்டொன்று காதில் விழுந்தால், மெட்டு யாருடையது என்று பக்கத்திலிருப்பவரைக் கேளுங்கள். தெரிந்தால் சொல்லிவிட்டுப் போங்கள்.