அப்பாவின் புல் மூட்டையும் என் 'ஈஸி டிப்ஸ்' கட்டுரையும்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு சென்னையிலிருந்து கோவைக்கு ரயில் ஏறும்போது, அம்மாவுக்கு வீசிங் வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த விஷயம் எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் டீப்பாய் மேல் நெபுலைசர் மெஷினைப் பார்த்தேன். "யாருக்குப்பா இது?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, மொதல்ல காபி குடி" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் 'ஒண்ணுமில்ல' என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

விஷயத்தைப் போட்டு உடைத்தது அம்மாயிதான். "எல்லாம் அந்தப் புல்லு மூட்டை பண்ணுன வேலை!"

அப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் ஊட்டி தாவரவியல் பூங்காவின் புல்வெளியைப் பார்த்ததில் இருந்து, சொந்த வீடு கட்டினால் ஒரு லான் போட வேண்டும் என்பது அவருடைய கனவு. வடவள்ளியில் வீடு கட்டி, பின்பக்கம் பெர்முடா புல் போட்டார். நம் அருகம்புல் இனம்தான் அது. மழை விழுந்துவிட்டால் போதும், வாரத்துக்கு ஒருமுறை மெஷின் ஓட்டியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு சாக்கு புல் சேரும். அதை என்ன செய்வது என்பதுதான் அவருடைய ஓயாத கவலை. குப்பை வண்டிக்காரர் மொத்தமாக வாங்க மாட்டார். 'கொளுத்திவிடுங்க சார்' என்றார் ஒருவர். வீட்டில் ஆஸ்துமாக்காரி இருக்கும்போது அது நடக்காது. அதோடு, வீட்டுக் குப்பையை எரிக்கக் கூடாது, தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்துவைக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருக்கின்றன.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். வெட்டிய பச்சைப் புல்லைக் கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் திணித்து, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி, மோட்டார் ரூமில் அடுக்கினார். மூன்று வாரம் கழித்துத் திறந்தால், அடியில் கொழகொழவென்று கறுப்புக் களி. கண்ணெல்லாம் எரிகிற அமோனியா நெடி. மேலே, கொஞ்சம் காய்ந்த பகுதியில், சாம்பல் தூவியதுபோல வெள்ளைப் பூஞ்சணம். காய்ந்தால் சரியாகிவிடும் என்று எல்லாவற்றையும் வாசலில் கொட்டிப் பரப்பிவிட்டார். மறுநாள் காலையில் அம்மா அதைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளியிருக்கிறார். புகைபோல தூசி கிளம்பியிருக்கிறது. அன்று ராத்திரியே மூச்சுவிட முடியாமல் திணறி, விடியற்காலை இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். 'பூஞ்சணத் தூசி பட்டிருக்கும்' என்றாராம் டாக்டர்.

"யாருப்பா உங்களுக்கு இப்படி மூட்டை கட்டச் சொன்னது?" என்று கோபமாகவே கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மா அவசரமாக, "விடு கண்ணு, இட்லி ஆறுது" என்றார்.

அன்று மாலை அப்பாவின் போனில் ரயில் டிக்கெட்டைத் தேடியபோதுதான் பதில் கிடைத்தது. அவருடைய வாக்கிங் நண்பர்கள் குரூப்பில் ஒரு லிங்க். மேலே அப்பாவின் வரி: 'என் மகள் எழுதியது. அனைவரும் படிக்கவும்.' கீழே, 'தோட்டக் கழிவை உரமாக்க 5 ஈஸி வழிகள்'. அதில் இரண்டாவது வழி: வெட்டிய புல்லைக் காற்றுப் புகாத பையில் கட்டி நிழலில் வைத்தால், ஒரு மாதத்தில் உரம் ரெடி!

நான்தான் எழுதியிருந்தேன். ஆடி மாதத்தில், ஷிஃப்ட் முடிய முக்கால் மணி நேரம் இருந்தபோது அவசரமாக எழுதிய கட்டுரை. காய்ந்த சருகை ஈரப்படுத்தி, ஓட்டை போட்ட பையில் பல மாதம் வைத்து மட்கவைக்கும் முறை ஒன்று உண்டு. எங்கோ படித்திருந்த அதை, 'சருகு' என்ற இடத்தில் 'புல்' என்றும், 'ஓட்டை போட்ட' என்ற இடத்தில் 'காற்றுப் புகாத' என்றும் குழப்பி எழுதியிருக்கிறேன். நான் அதுவரை ஒரு பிடி புல்லைக்கூட மட்கவைத்ததில்லை. கட்டுரை நன்றாக ஓடியது. அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டேன்.

அப்பாவிடம் போய் நின்றேன். "உம்மேல தப்பில்ல கண்ணு. நான்தான் ரொம்ப நெருக்கித் திணிச்சுட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பச்சைப் புல் ஏன் சூடாகிறது?

இந்தமுறை போனை எடுக்கவில்லை. முதலில் அம்மாயியிடம் உட்கார்ந்தேன். கோபி பக்கம் ஐம்பது வருடம் மாடும் வயலுமாக இருந்தவர்.

"பச்சைப் புல்லை மூட்டை கட்டுனா வேகாம என்ன பண்ணும்? சோளத்தட்டையே நல்லாக் காயவெச்சுத்தான் போர் போடுவோம். ஈரத்தோட போட்டா நடுவால கருகிப்போயிரும். மாப்பிள்ளை படிச்சவரு, அவருக்கு நாம என்னத்தச் சொல்றது?"

அம்மாயி சொன்னதைத்தான் வேளாண் பாடங்களும் சொல்கின்றன. புதிதாக வெட்டிய புல்லில் ஏறத்தாழ 80 சதவிகிதம் தண்ணீர். நைட்ரஜனும் அதிகம். நுண்ணுயிர்களுக்கு இது கல்யாண விருந்து. அவை தின்று பெருகும்போது வெப்பம் வெளிவருகிறது. குவியலின் நடுவே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். ஈரத்தோடு அடைத்த பெரிய வைக்கோல் போர்கள் யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்வதற்கும் இந்தச் சூடுதான் ஆரம்பம். வீட்டுத் தோட்டத்துச் சிறு குவியல் அந்த அளவுக்குப் போவது அரிது. ஆனால், காற்று கிடைக்காவிட்டால் அது மட்காது, அழுகும்.

மட்குவதற்குக் கார்பனும் நைட்ரஜனும் சுமார் 30-க்கு 1 என்ற கணக்கில் இருப்பது நல்லது. புல்லில் இது 20-க்கு 1 அல்லது அதற்கும் கீழே. மிஞ்சுகிற நைட்ரஜன்தான் அமோனியாவாகி மூக்கில் ஏறுகிறது. சருகு, காய்ந்த ஓலை, கிழித்த செய்தித்தாள் இவற்றில் கார்பன் அதிகம். அதனால் புல்லைத் தனியாக விடாமல் சருகோடு சேர்க்க வேண்டும். ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் 1924 முதல் 1931 வரை இருந்து உருவாக்கிய 'இந்தூர் முறை'யும், இப்படி அடுக்கடுக்காகப் போட்டு, இடையிடையே புரட்டிவிடுவதுதான்.

நாங்கள் செய்தது

தீபாவளிக்கு மறுநாள் அப்பாவும் நானும் இறங்கினோம். அம்மா வீட்டுக்குள், ஜன்னல் சாத்தி. எங்கள் இருவருக்கும் என்95 மாஸ்க், கையுறை. மிச்சமிருந்த பூஞ்சணப் புல்லின் மேல் முதலில் தண்ணீர் தெளித்தோம். தூசி கிளம்பாமல் இருக்க இது முக்கியம்.

சுவரை ஒட்டாமல், மண் தரையில், கம்பி வலையை மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்கு வட்டமாக நிறுத்தினோம். அடியில் காற்று போக, சுள்ளியும் தென்னை மட்டையும். அதன் மேல் ஆறு விரல்கடை சருகு, இரண்டு விரல்கடை புல், கொஞ்சம் சாணிக் கரைசல். மறுபடி சருகு, புல். சருகு மூன்று பங்கு என்றால் புல் ஒரு பங்கு. கடைசி அடுக்கு எப்போதும் சருகுதான். மழை நேராக விழாமல் இருக்க தென்னங்கீற்று.

மூன்றாம் நாள் அப்பா ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி, சற்று நேரம் கழித்து உருவினார். கையில் பிடிக்க முடியாத சூடு. "ஓடுது கண்ணு!" என்றார். டிரான்ஸ்ஃபார்மரைச் சரிசெய்து கரன்ட் வந்ததும் அவர் முகத்தில் வரும் அதே சிரிப்பு. இந்தச் சூடு நல்ல சூடு. 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெருமளவு அழியும். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை அப்பா புரட்டிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் புல் வெட்டுகிறீர்கள் என்றால், இவற்றை மட்டும் நினைவில் வையுங்கள்.

* பச்சைப் புல்லை மூட்டையாகவோ பெரிய குவியலாகவோ வைக்காதீர்கள். அன்றே சருகோடு கலந்துவிடுங்கள். முடியாவிட்டால் வெயிலில் மெல்லியதாகப் பரப்பி, கிளறிக் காயவையுங்கள்.
* மொறுமொறுவென்று காய்ந்த பிறகு மட்டும் சணல் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். காய்ந்த புல் சட்டென்று பற்றிக்கொள்ளும். மோட்டார் ரூம், ஸ்விட்ச் போர்டு, கேஸ் சிலிண்டர் பக்கம் வேண்டாம். பட்டாசு நாட்களில் கூடுதல் கவனம் தேவை.
* ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால், பிழிந்த ஸ்பாஞ்ச் போல ஓரிரு துளி வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நாற்றம் வந்தால் புரட்டிவிட்டு, சருகு போடுங்கள்.
* களைக்கொல்லி அடித்த புல்லைச் சேர்க்காதீர்கள். சில மருந்துகள் மட்கிய பிறகும் உரத்தில் தங்கி, செடிகளைக் கருகவைக்கும்.
* சூடேறிய, பூஞ்சணம் பிடித்த புல்லை மாட்டுக்குப் போடாதீர்கள். வயிற்று உப்புசம் வந்துவிடும்.
* குவியலில் எலி வரும், அதைத் தேடி பாம்பும் வரலாம். வெறும் கையை விடாமல் கம்பியால் கிளறுங்கள்.
* ஆஸ்துமா, நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள் குவியலைப் புரட்ட வேண்டாம். மற்றவர்கள் புரட்டும்போது அருகில் நிற்கவும் வேண்டாம்.

இன்னொன்று, எல்லாப் புல்லையும் அள்ள வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஒரு வெட்டுக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் இருந்தால், விழுகிற சிறு துணுக்குகளை அப்படியே விட்டுவிடலாம். அவையே புல்லுக்கு உரம். இப்போது அப்பா பாதி நாள் அப்படித்தான் விடுகிறார்.

திருத்தம்

சென்னை திரும்பியதும் எடிட்டரிடம் சொன்னேன். நீண்ட அறிவுரையை எதிர்பார்த்துப் போனேன். "தப்பை எடுத்துட்டு, என்ன தப்புன்னு மேலேயே தேதியோட போடு. சத்தமில்லாம மாத்தக் கூடாது" என்றார். அப்படியே செய்தேன். திருத்திய லிங்க்கை, 'என் மகள் திருத்தி எழுதியது. பழையபடி செய்ய வேண்டாம்' என்று அப்பாவும் குரூப்பில் போட்டார். பழைய கட்டுரையைப் படித்து இன்னும் எத்தனை பேர் மூட்டை கட்டினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அதில் ஒருவராவது இதைப் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பொங்கலுக்குப் போனபோது குவியல் பாதியாக இறங்கியிருந்தது. அடியில் காபித்தூள் நிறத்தில் உதிரியான உரம். அப்பா ஈரமாக ஒரு பிடி அள்ளிக் காட்டினார். அம்மா கொல்லைப்புறக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "நாத்தம் அடிக்குதாங்க?" என்று கேட்டார்.

"மழை பேஞ்ச மண்ணு வாசம்தான் வருது" என்றார் அப்பா.

அம்மா நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் குனிந்து, முகர்ந்து பார்த்த பிறகே தலையாட்டினேன்.