துறவும் அறிக்கையும்

அகராதியிற் பொருள் கண்டவுடன் ஒரு சொல்லை முற்றும் அறிந்துவிட்டோமென்று இறுமாத்தல் மாணாக்கர்க்கு இயல்பு. யாமும் அதற்கு விலக்கல்லேம். சென்ற ஆண்டு ஆங்கில வகுப்பில் 'ரினன்சியேஷன்' என்னும் சொல் வந்தது. ஆசிரியர், தமிழ் ஆனர்ஸ் மாணவராகிய எம்மை நோக்கி, அதற்குத் தமிழ் யாதென வினவினார். 'துறவு' எனத் தயங்காது விடையிறுத்துத் திருக்குறளின் 35-ஆம் அதிகாரத்தையும் சான்று காட்டினோம். அவர் புன்னகைத்து, "பொருள் பொருந்தும், சொல்லின் பிறப்பைப் பார்த்தீரோ?" என்றார்.

பார்த்தோம். அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் புகுந்த இலத்தீன் சொல். இலத்தீனில் 'நுன்டியுஸ்' என்பது தூதனைக் குறிக்கும். போப்பரசரின் தூதுவரை 'நுன்சியோ' என்பதும் இவ்வேரினின்றே. முதலில் செய்தியை மீளக்கொணர்ந்து அறிவித்தலையும், பின்னர் 'இஃது எனக்கு வேண்டா' என்று அறிவித்தலையும் குறித்து, இறுதியில் அச்சொல் விடுதலென்னும் பொருளில் நிலைத்தது. நந்தமிழ்த் துறவு வாய்திறவாமலே நிகழலாம். இலத்தீன் சொல்லின் துறவுக்கோ கேட்போர் வேண்டும்.

விடுமுறைக்குப் புதுவைச் சாரத்திலுள்ள எம் இல்லஞ் சென்றபோது இதனைப் பாட்டியாரிடம் கூறினோம். அவர் தகரப்பெட்டியினின்று மடித்த தாளொன்றை எடுத்துத் தந்தார். பாட்டனாரின் தந்தையார் 'ரெனோன்சியாசியோன்' செய்த பத்திரம் அது! எம் பெயரின் ஈற்றில் ஒரு பிரெஞ்சுப் பெயர் நிற்பதன் காரணத்தை அன்றே அறிந்தோம்.

பிரெஞ்சிந்திய மக்கள் தத்தம் சாதிவழக்கின்படியே நீதி பெறலாமென 1819-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையோ, 21 வயது நிரம்பியவர் எம்மதத்தினராயினும் அதிகாரிமுன் அறிக்கை செய்து, அவ்வழக்கைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வரலாமென்றது. குடும்பப்பெயரொன்று பூணல் வேண்டும், அறிக்கையை மீட்டலாகாது. 1873-இல் மேனாட்டுச் செருப்பணிந்து நீதிமன்றம் புகுந்தமைக்காகத் தடுக்கப்பட்டு, பாரிசு வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 'லாபோர்த்' என்று பெயர் பூண்டார். பிரெஞ்சில் அதற்கு வாயில் என்பது பொருள்.

"அவர் எதனைத் துறந்தார், பாட்டி?" என்றோம்.

"சாதிவழக்கைத் துறந்தேன் என்று மாமனார் அங்கே எழுதிக் கொடுத்தார். இங்கே உடன்பிறந்தவர்கள் அவரையே துறந்துவிட்டார்கள். அவர் சாவுக்குக்கூட எவரும் வரவில்லை, அப்பா."

1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியோர் ஆறு திங்களுக்குள் எழுத்தால் அறிவித்தல் வேண்டும். எம் பாட்டனார் எழுதவில்லை, இந்தியரானார். "ஒருமுறை எழுதிக் கொடுத்துப் பட்டது போதும்" என்பாராம். தந்தையார் அறிவித்துத் துறந்தார். மைந்தர் வாளாவிருந்து துறந்தார். ஆசிரியர் வினாவுக்குரிய விடை எம் இல்லத்துப் பெட்டியிலேயே இருந்தது!

அவ்வுடன்பிறந்தோரின் வழியினர் இரண்டு தெருவுக்கு அப்பால் வாழ்கின்றனர். விடுமுறை முடியுமுன் அவர்தம் வாயிலில் நின்று, எம் பெயரை அப்பிரெஞ்சுப் பெயரோடு முழுதும் அறிவித்தோம். முதியவரொருவர் சிறிதுநேரம் எம் முகத்தை நோக்கியிருந்து, பின் உள்ளே வருமாறு அழைத்தார். அறிக்கையை மீட்டலாகாதென்று ஆணை கூறும்; உறவைப்பற்றி அஃது ஒன்றும் கூறவில்லை.