ஹார்வர்டில் படித்தவர்

கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் என்றொரு தோட்டம் உண்டு. அமெரிக்காவின் புகழ்மிக்க பல்கலைக்கழகத்திற்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு பொருத்தம் எதனையும் அங்கு வாழ்ந்த தமிழர் கண்டதில்லை. அவர்கள் கண்டதெல்லாம் ரப்பர் மரங்களும் லயத்து வீடுகளும் பெரட்டுக்களமுமே. பிரிவு பிரிவாகப் பரந்திருந்த அத்தோட்டத்தின் தமிழ்ப்பள்ளிகளும் அப்பெயரையே தாங்கின. அவற்றுள் ஒன்றில் அரிச்சுவடி கற்று, பின்னாளில் சுங்கைப் பட்டாணியில் தமிழாசிரியராக அமர்ந்த ஒருவர், புதிதாக அறிமுகமாவோரிடம், "நான் ஹார்வர்டில் படித்தவன்" என்று சொல்லி வியக்க வைப்பார்; சற்று நேரம் கழித்து உண்மையைச் சொல்லித் தாமும் உடன் சிரிப்பார். 2018-ஆம் ஆண்டில் அவர் முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிக்க அமர்ந்தார். படிவத்தில் தொடக்கப்பள்ளியின் பெயரைக் கேட்கும் கட்டமே இல்லை. அந்த வேடிக்கைக்கு அங்கு இடமில்லாமற் போயிற்று.

அவருக்கு அப்போது வயது 41. முதுகலைப் பட்டம் பெற்றுப் பத்தாண்டுகள் கடந்திருந்தன. சான்றிதழ்ப் படிகள், பரிந்துரை மடல்கள் ஆகியவற்றைத் திரட்டுவதில் இடர்ப்பாடு ஒன்றுமில்லை. அவற்றை ஒரு வார இறுதியில் முடித்துவிட்டார். அவரை நான்கு திங்கள் அலைக்கழித்தது ஆய்வு முன்மொழிவுதான். எதனை ஆராயப் போகிறீர், ஏன் ஆராய வேண்டும், முன்னர் ஆராய்ந்தவர் யாவர், எம்முறையில் ஆராய்வீர் என்ற நான்கு வினாக்களுக்குச் சில பக்கங்களில் விடை எழுத வேண்டும். ஊரார் வரலாற்றை ஆராய்பவனுக்கு இவை எளிய வினாக்களே. தன் வீட்டு வரலாற்றை ஆராயப் புகுந்தவனுக்கு, இரண்டாம் வினாவே தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

அவர் விண்ணப்பிக்க எண்ணியது மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கு. 1956-இல் தோன்றிய அத்துறையின் கதையே தனியொரு கட்டுரைக்கு உரியது. அங்கு வடமொழிக்கு முதன்மை தருவதா, தமிழுக்குத் தருவதா என்ற வழக்கு எழுந்தபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழின் பக்கம் நின்று போராடியதும், 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டியதும் தமிழாசிரியர்கள் அறிந்தவையே. அந்நிதிக்குத் தோட்டத் தொழிலாளர்களும் தம் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தனர். 1961-இல் தனிநாயகம் அடிகள் துறைத்தலைவராக வந்தார். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தொகுத்து இராம. சுப்பையா அளித்த பட்டியல் 1969-இல் வெளிவந்தது. பால்மரம் சீவியவர் தந்த வெள்ளியும் சேர்ந்து வேரூன்றிய துறையில், பால்மரம் சீவியவரையே ஆய்வுப் பொருளாக்குவது பொருத்தமென ஆசிரியர் கருதினார்.

அவர் தேர்ந்த பொருள் தொண்டர் படை. இன்றைய மாணவருள் பலர் அப்பெயரைக் கேட்டிருக்கமாட்டார். சப்பானியர் ஆட்சி 1945-இல் முடிந்தபின், இந்திய தேசிய இராணுவத்தில் பயின்று திரும்பிய இளைஞர்களின் எழுச்சியும், போர்க்காலத்துப் பட்டினியின் வடுவும் கெடா தோட்டங்களில் ஒருங்கே இருந்தன. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில், ஹார்வர்ட் தோட்டத்தையே நிலைக்களமாகக் கொண்டு எழுந்ததே தொண்டர் படை. மாலைதோறும் அணிவகுப்புப் பயிற்சி செய்தனர். தோட்டந்தோறும் திறந்திருந்த கள்ளுக்கடைகளை மூடும்படி மறியல் செய்தனர். 1947-இன் முற்பகுதியில் காவல்துறையினருடன் மோதல் நேர்ந்தது. உயிர்ச்சேதமும் உண்டாயிற்று, பலர் சிறைப்பட்டனர், படை சிதைந்தது. அக்காலத்து அரசாங்க ஏடுகள் இதனைக் குழப்பம் என்றும் கலகம் என்றும் குறித்து அப்பால் நகர்ந்தன. மைக்கேல் ஸ்டென்சன் 1980-இல் வெளியிட்ட நூலே இதற்குரிய இடத்தை அளித்தது எனலாம். ஆயினும் அந்நூலிலும் தோட்டத்து மக்களின் சொந்தக் குரல் குறைவே.

ஆசிரியர் எழுதிய முதல் முன்மொழிவு, உண்மையைச் சொல்வதாயின், ஆய்வுத் திட்டமன்று, ஒரு பரணி. தொண்டர்கள் வீரர், கள்ளுக்கடைக்காரர் பகைவர், வெள்ளையர் கொடியோர். மேற்பார்வை செய்ய இசைந்திருந்த பேராசிரியர் அதனைப் படித்துவிட்டுச் சுருக்கமாக ஒரு மடல் விடுத்தார். தம் மக்களைத் தாமே ஆராய்ந்தவர்கள் உலகின் பிற பகுதிகளிலும் உளர். அவர்கள் அதனை எவ்வாறு செய்தனர் என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்பதே அம்மடலின் சாரம்.

அவ்வாறு பார்க்கப் புகுந்தபோதுதான் சிக்கானோ மக்களின் கதை அவருக்குத் தெரியவந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் மெக்சிக வழியினருள் ஒரு சாரார் தமக்குத் தாமே விரும்பிச் சூட்டிக்கொண்ட பெயர் அது. அவர்களுள் பலர் பிறருடைய வயல்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் உழைத்தவர்கள். 1960-களின் இறுதியில் அவர்தம் மாணவர் கிளர்ந்தெழுந்து, தங்கள் வரலாறும் இலக்கியமும் பல்கலைக்கழகங்களில் பாடமாக வேண்டுமென்று கேட்டனர். 1969-இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் கூடி அதற்கொரு திட்டமும் வகுத்தனர். துறைகள் தோன்றின, எனினும் அதே சாந்தா பார்பராவில் அத்துறைக்கென முனைவர் பட்டப் படிப்பு அமைந்தது 2000-க்குப் பின்னரே. பாடமாவதற்கும் முனைவர் பட்டத்திற்குரிய பொருளாவதற்கும் இடையே ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலம் கழிந்தது.

இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக அமெரிக்கோ பரேடஸ் என்பார் ஒருவர் இருந்தார். டெக்சாஸ் எல்லைப்புறத்தில் பிறந்த அவர், தம் மக்கள் பாடிய கதைப்பாடல் ஒன்றை ஆராய்ந்து 1956-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1958-இல் அது நூலாயிற்று. பாடலின் தலைவன் கிரகோரியோ கோர்டஸ் என்னும் உழவன். 1901-இல் அவனை விசாரிக்க வந்த ஷெரீப், மொழிபெயர்ப்பாளன் வாயிலாக, "குதிரையைக் கைமாற்றினாயா?" என்று கேட்டார். அவன் கைமாற்றியது பெண்குதிரை. ஸ்பானிய மொழியில் அதற்குத் தனிச்சொல் உண்டு. ஆகவே அவன், "இல்லை" என்றான். மொழிபெயர்ப்பாளனுக்கு அவ்வேறுபாடு விளங்கவில்லை. பொய் சொல்கிறான் என்று கருதினர், துப்பாக்கி வெடித்தது, அவன் தமையன் காயமுற்றான், ஷெரீப் மாண்டார். ஒரு பெயர்ச்சொல்லின் பால் வேறுபாடு அறியாமையால் விளைந்த உயிர்ச்சேதம்! இலக்கண வகுப்பில் உறங்கும் மாணவர்க்கு இதனைச் சொல்ல வேண்டுமென ஆசிரியர் தம் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

அக்குறிப்பின் கீழேயே இன்னொரு செய்தியும் எழுதப்பட்டிருந்தது. பரேடசின் நூலைப் போற்றிய பின்வந்தோருள் சிலர், குறிப்பாகப் பெண் ஆய்வாளர், அதில் ஒரு குறையும் கண்டனர். துப்பாக்கி ஏந்திய ஆண்மகனே அதில் முழு உருவம் பெறுகின்றான். அவன் மனைவியும் தாயும் நிழலாக நிற்கின்றனர். சிக்கானோ என்பது ஆண்பால் ஈறு பெற்ற சொல். சிக்கானா என்பது பெண்பால். ஆண்பாற் சொல்லே இருவரையும் குறிக்குமென்று கூறி அமைதி காண்பதைப் பெண்கள் ஏற்கவில்லை. அதனாலேயே பல பல்கலைக்கழகங்களில் அத்துறை இரு பாலையும் பெயரில் தாங்கியுள்ளது. தமிழில் இத்தொல்லை இல்லை என்று ஆசிரியர் முதலில் மகிழ்ந்தார். தொண்டர் என்பது பலர்பால். அதனுள் ஆணும் பெண்ணும் அடங்குவர். அடங்கியவர் அடங்கியே போய்விடுவதும் அதனால்தான் என்பது அவருக்குச் சில நாள் கழித்தே புலப்பட்டது.

அதனைப் புலப்படுத்தியவர் அவருடைய தாய்வழிப் பாட்டியார். தொண்டர் படைக் காலத்தில் பத்து வயதுச் சிறுமியாக இருந்த அம்மூதாட்டிக்கு 2018-இல் 81 வயது. ஜெராய் மலை தெரியும் தாமான் வீடொன்றின் முற்றத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவரிடம், ஆசிரியர் தம் முன்மொழிவை வாசித்துக் காட்டினார். பாராட்டை எதிர்பார்த்தே வாசித்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அவுங்கதான் எங்கப்பாவக் கட்டிப் போட்டாங்க ஐயா" என்றார் பாட்டியார்.

நாற்பது ஆண்டுகளாக அவ்வீட்டில் எவரும் கேட்டிராத செய்தி அது. பாட்டியாரின் தந்தை சம்பள நாளன்று கூலியில் பாதியைக் கள்ளுக்கடையில் வைத்துவிட்டு வருபவர். ஒரு மாலை தொண்டர்கள் அவரை வழிமறித்துப் பெரட்டுக்களத்து மரமொன்றில் கட்டினர். விடியும்வரை அவிழ்க்கவில்லை. லயத்துப் பிள்ளைகள் சூழ நின்று வேடிக்கை பார்த்தனர். அவர்களுள் பாட்டியாரும் ஒருத்தி. அவர் எந்த வழியாக வருவார் என்று தொண்டர்களுக்குச் சொல்லியனுப்பியவர் வேறெவரும் அல்லர், அவர் மனைவியே. அன்றிரவு எவரும் அறியாமல் ஒரு மங்கில் தண்ணீர் எடுத்துச் சென்று அவருக்குப் புகட்டியவரும் அம்மனைவியே. தொண்டர் படை இருந்த மட்டும் அம்மனிதர் குடிக்கவில்லை. தலைவர்கள் சிறைப்பட்டபின் கடை மீண்டும் திறந்தது. முதல் நாளே அவரும் சென்றார்.

"தப்பா சரியான்னு எனக்குத் தெரியாது. அந்தக் கொஞ்ச நாளு நாங்க வயிறு நெறைய சாப்பிட்டோம்" என்று சொல்லிவிட்டு, பாட்டியார் வெற்றிலை உரலை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார். போகும்போது திரும்பி, "அப்பா பேர மட்டும் எழுதிப்புடாத" என்றார்.

ஆசிரியர் இரு வாரம் முன்மொழிவைத் தொடவில்லை. வீரர் வரலாறு என்று எண்ணியதில் தம் வீட்டின் தலைகுனிவு வந்து புகுந்துகொண்டது. அதனை விட்டுவிட்டு எழுதலாம். எவரும் அறியப் போவதில்லை. அரசாங்க ஏடுகளில் அது இராது. படையின் புகழ் பேசுவோர் வாயிலும் வாராது. இரு தரப்பும் சொல்லாத செய்தி அது ஒன்றே என்ற எண்ணம் வந்தபோது, ஆய்வுக்குரிய இடைவெளி என்று படிவம் கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டதை அவர் உணர்ந்தார். உணர்ந்த பின்னரும் எழுதக் கை வரவில்லை. பாட்டனாரைப் பட்டத்திற்கு விலைபேசுகிறோமோ என்னும் ஐயம் அவரை விடவில்லை. அவ்வையம் வீணென்று சொல்லிவிட முடியாது. அயலார் ஒருவர் அத்தோட்டத்தை ஆராய்ந்திருந்தால், கட்டப்பட்டவர் ஒரு தகவல். இவருக்கோ அவர் கொள்ளுத்தாத்தா.

இறுதியில் முன்மொழிவு மாறியது. தொண்டர் படையின் வீரம் என்றிருந்த தலைப்பு, கெடா தோட்டங்களில் கள் எதிர்ப்பும் லயத்துக் குடும்பங்களும் என்றாயிற்று. மறியல் செய்தவர், மறியலுக்கு ஆளானவர், இருவருக்கும் சோறாக்கிப் போட்டவர் ஆகிய மூவகையினரிடமும் வாய்மொழிச் சான்று திரட்டுவது முறையாயிற்று. அன்று பிள்ளைகளாக இருந்தோர் பலர் மறைந்துவிட்டமையால், இப்பணி ஐந்தாண்டு பொறுத்திராது என்று ஒரு வரி சேர்த்தார். மொழி பற்றிய கட்டத்தில் தமிழ் என்று குறித்தார். அத்துறையில் தமிழிலேயே எழுதப்பட்ட ஆய்வேடுகள் முன்னரே உண்டு. உலகோர் படிக்க ஆங்கிலத்தில் எழுதலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் கூறினார். 'பெரட்டு', 'மங்கு', 'கட்டிப் போட்டாங்க' என்னும் சொற்களைத் தம் பாட்டியார் சொன்னவாறே வைத்துக்கொண்டு பேச ஆங்கிலத்தில் வழியில்லை என்பது இவருடைய எண்ணம். குதிரைக்கும் பெண்குதிரைக்கும் இடையில் அகப்பட்ட உழவனின் நினைவும் உடன் இருந்திருக்கலாம்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. சுங்கைப் பட்டாணியிலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டு, விடியுமுன் கோலாலம்பூரில் இறங்கினார். மூவர் அமர்ந்து வினவினர். மாதிரியளவு என்ன, காப்பகச் சான்றுகள் எவை, பகுதிநேரமாகப் பயின்று எத்தனை ஆண்டில் முடிப்பீர் என்றெல்லாம் கேட்டனர். விடைகளை அவர் ஆயத்தம் செய்தே வைத்திருந்தார். முதல் தகவலாளர் யார் என்ற வினாவுக்கு மட்டும் சற்றுத் தாமதித்து, "என் பாட்டியார்" என்றார். உறவினரின் சான்றை எவ்வாறு சரிபார்ப்பீர் என்று அடுத்த வினா எழுந்தது. அதே லயத்தில் வாழ்ந்த வேறிருவரிடமும் கேட்பேன் என்று பதிலிறுத்தார். அவர்கள் மறுத்துச் சொன்னால் என்று கேட்டனர். அதனையும் எழுதுவேன் என்றார்.

மறுநாள் வீடு திரும்பியபோது பாட்டியார் முற்றத்திலேயே இருந்தார். சேர்த்துக்கொண்டார்களா என்று அவர் கேட்கவில்லை.

"பேரப் போட்டியா?"

"இல்ல பாட்டி. தகவலாளர் ஒண்ணு, தகவலாளர் ரெண்டுன்னு நம்பர்தான் போடுவேன்."

பாட்டியார் நெடுநேரம் பேசாதிருந்தார்.

"அப்பாவுக்கு நம்பரு போடு. எங்கம்மாவுக்குப் பேரு போட்டுக்க" என்றார்.