புல்லுக்கு லீவு கிடையாது

கோல்ஃப் என்றால் சேலம், நாமக்கல் பக்கம் பெரும்பாலானவர்களுக்கு டிவியில் சேனல் மாற்றும்போது கண்ணில் படுகிற பச்சைப் புல்வெளிதான். தொப்பி போட்ட ஒருவர் குனிந்து பார்ப்பார், நிமிர்வார், மறுபடி குனிவார். அதற்குள் ரிமோட் அடுத்த சேனலுக்குப் போயிருக்கும். பணக்காரர்கள் விளையாட்டு, அவர்களுக்கு என்ன விலைவாசி, என்ன மந்தநிலை என்றுதான் தோன்றும்.

ஆனால் நாட்டில் பணம் சுருங்கும்போது ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு வருகிற சிக்கல், லாரி ஓனருக்கும் கோழிப்பண்ணைக்காரருக்கும் நன்றாகத் தெரிந்த அதே சிக்கல்தான். எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் ஆடுகிறவர். சங்ககிரியில் பத்து லாரி வைத்திருக்கும் ஒருவர் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வருடத்துக்கு ஒருமுறை நண்பர்களோடு கொடைக்கானல். நல்ல காலத்தில் இதற்கெல்லாம் அவர் கணக்கு எழுதுவதே இல்லை.

இப்போது 2019 மாதிரி ஒரு வருடம் வருகிறது. நாடு முழுக்க லாரி விற்பனை சரிந்த வருடம் அது. லோடு கிடைக்கவில்லை. பத்து வண்டியில் நாலு வண்டி ஷெட்டில் நிற்கிறது. ஆனால் டியூ கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், காலாண்டு வரி கட்ட வேண்டும். மனிதர் கோல்ஃபை விட்டுவிடுவாரா?

விடமாட்டார். இங்கேதான் விஷயமே இருக்கிறது. பழகிய ஆட்டத்தை யாரும் சட்டென்று விடுவதில்லை. ஓரங்களை மட்டும் வெட்டிக்கொண்டே வருவார்கள். அந்த வெட்டுக்கு ஒரு வரிசையும் உண்டு.

முதலில் தள்ளிப்போவது புது மட்டை. போன வருட மட்டையே பந்தை அடிக்கும்தானே! கைப்பிடி ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். அடுத்தது பந்து. புதுப் பந்துக்குப் பதில், குளத்திலும் புதரிலும் தொலைந்து மறுபடி எடுத்து விற்கிற பழைய பந்து. (நாமக்கல்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், ரீட்ரேட் டயர்!) மூன்றாவது, கொடைக்கானல் பயணம். நான்காவது, மாதம் இரண்டு முறை என்பது ஒரு முறையாகும், 18 குழி ஆடியவர் 9 குழியோடு கிளம்புவார். ஐந்தாவது, பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் கேடி. கட்டாயம் இல்லாத இடத்தில் பையைத் தானே இழுத்துக்கொண்டு போய்விடலாம். உறுப்பினர் கார்டை மட்டும் கடைசிவரை விடமாட்டார். சேரும்போது கட்டிய பணம் திரும்ப வராது, வெளியே போனால் மறுபடி சேருவதும் லேசு இல்லை.

ஆக, பட்டியலைப் பார்த்தால் அவர் இன்னமும் கோல்ஃப் ஆடுபவர்தான். ஆனால் அவரிடமிருந்து வந்துகொண்டிருந்த பணம் பாதிக்கும் கீழே போயிருக்கும்.

சரி, மைதானத்தின் பக்கம் வருவோம். 18 குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். அத்தனையும் புல். தண்ணீர், உரம், மருந்து, வெட்டும் மெஷின், அதற்கு டீசல், ஆள் கூலி. குழியைச் சுற்றியுள்ள மெத்தைப் புல்லைக் கிட்டத்தட்ட தினமும் வெட்ட வேண்டும். அன்றைக்கு இருநூறு பேர் ஆடினாலும் இருபது பேர் ஆடினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆள் வரவில்லை என்பதற்காகப் புல் லீவு போடாது.

முட்டை விலையை நாமக்கல்லில் இறக்கி அறிவித்துவிட்டார்கள் என்பதற்காகக் கோழி தீனியைக் குறைத்துக்கொள்ளுமா? நாளைக்கு 100, 110 கிராம் தின்றே தீரும். ஆனாலும் பண்ணைக்காரருக்கு ஒரு வழி உண்டு. வயதான கோழிகளை முன்கூட்டியே விற்று எண்ணிக்கையைக் குறைக்கலாம். லாரி ஓனர் இரண்டு வண்டியை விற்கலாம். கோல்ஃப் மைதானம் என்ன செய்யும்? மூன்று குழியை மட்டும் விற்றுவிட்டுப் பதினைந்து குழியோடு நடத்த முடியாதே! கட்டணத்தைக் குறைத்தால் பக்கத்து மைதானமும் குறைக்கும், பிறகு யாராலும் ஏற்ற முடியாது. பராமரிப்பைக் குறைத்தால் புல் காயும், காய்ந்த புல்லைப் பார்த்து மிச்சமிருக்கிற ஆட்களும் போவார்கள்.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. அமெரிக்காவில் 1990களில் மைதானங்களைக் கட்டிக் குவித்தார்கள். பலவற்றின் நோக்கம் விளையாட்டே இல்லை, புல்லைக் காட்டிச் சுற்றிலும் வீட்டு மனை விற்பது! 2000களின் நடுவில் 16,000க்கும் மேல் மைதானங்கள் இருந்தன. 2006 முதல் பல வருடங்களுக்குத் திறந்ததைவிட மூடியதுதான் அதிகம். 2008ல் வீட்டு விலை விழுந்ததும் மனை விற்கக் கட்டிய மைதானங்கள் தவித்துப்போயின. அந்த வருடக் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் டைகர் வுட்ஸுடன் இருந்த ப்யூக் கார் விளம்பர ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டது. அரசாங்கத்திடம் உதவி கேட்டு நிற்கிற கம்பெனிக்குக் கோல்ஃப் செலவு கௌரவமாக இருக்காதே.

மந்தநிலை போனபிறகும் பழைய தாராளம் முழுசாகத் திரும்பவில்லை. பழைய மட்டையே போதும் என்று பழகியவர்கள் அப்படியே இருந்துவிட்டார்கள். 2016ல் நைக்கி கோல்ஃப் மட்டை, பந்து தயாரிப்பதையே நிறுத்தியது. அதே வருடம் கோல்ஃப்ஸ்மித் என்ற பெரிய கடைச் சங்கிலி திவாலானது.

ஜப்பான் கதை இன்னும் விசேஷம். 1980களின் கடைசியில் அங்கே கிளப் உறுப்பினர் உரிமையை ஷேர் மாதிரி வாங்கி விற்றார்கள். டோக்கியோ பக்கத்தில் கொகனெய் கிளப்பின் உறுப்பினர் விலை 30 கோடி யென்னையும் தாண்டியது! பல கிளப்கள் உறுப்பினர்களிடம் டெபாசிட் வாங்கித்தான் மைதானமே கட்டின. குமிழி உடைந்து, டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டபோது கொடுக்கப் பணம் இல்லை. கொங்கு நாட்டில் 2012ல் ஈமு கோழி டெபாசிட்டுக்காக நின்ற வரிசை ஞாபகம் வருகிறதா? ஈமு விஷயத்தில் நடந்தது மோசடி. ஜப்பானில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையே ஏமாற்றிவிட்டது. நூற்றுக்கணக்கான மைதானங்கள் கைமாறின. சில மைதானங்களில் இன்று புல் இல்லை, சோலார் தகடுகள்தான்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். 2020ல் கொரோனாவால் பொருளாதாரம் படுத்தபோது அமெரிக்காவில் கோல்ஃப் ஆட்டங்கள் அதற்கு முந்தைய வருடத்தைவிட அதிகமானது. தியேட்டர் கிடையாது, ஹோட்டல் கிடையாது, வீட்டில் இருந்தே வேலை. திறந்தவெளியில் தள்ளித்தள்ளி நின்று ஆடும் விளையாட்டு வேறு என்ன இருந்தது? கையில் பணம் குறைவது மட்டும் மைதானத்தைக் காலி செய்வதில்லை, அந்த நேரத்துக்கு வேறு என்ன போட்டி என்பதும் முக்கியம்.

கடைசியாக அந்த ஐந்தாவது வெட்டுக்கு வருவோம். கேடி.

இந்தியாவில் கேடி என்பவர் பெரும்பாலும் கிளப்பின் சம்பளப் பட்டியலில் இருப்பதில்லை. ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு, மேலே டிப்ஸ். ஆட்டம் இல்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. மைதானத்தை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகளில் இருந்து வந்தவர்கள் பலர். 1991ல் இந்தியன் ஓபன் வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். உலகமே மந்தநிலையில் கிடந்த 2009ல் அதே கோப்பையைத் தூக்கிய பெங்களூரு சின்னசாமி முனியப்பாவும் கேடியாகத் தொடங்கியவர்தான். பணக்காரர்களின் மட்டையைத் தூக்கி நடந்தே ஆட்டத்தைக் கற்றவர்கள் இவர்கள். பையைத் தானே இழுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் முடிவு செய்யும்போது ஒருநாள் கூலி மட்டும் போவதில்லை. இன்னொரு முனியப்பா உள்ளே வருகிற வாசலும் சாத்தப்படுகிறது.

இதைப் புரிந்துகொள்ள கோல்ஃப் மைதானம் வரை போக வேண்டியதில்லை. நாமக்கல் லாரிப் பட்டறைப் பக்கம் போனால் போதும். வாடகை கட்டுப்படியாகாத காலத்தில் ஓனர் லாரியை விற்பதற்கு முன்னால் என்ன செய்வார்? கிளீனரை நிறுத்துவார். டிரைவர் தனியாகப் போவார். ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் பால் பாக்கெட்டைக் குறைப்பார்.

கோல்ஃப் ஆடுகிறவருக்கு அது ஒரு சின்ன மிச்சம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கேட்டுக்கு வெளியே யாராவது கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருப்பவருக்கு, அதுதான் அந்த நாளின் மொத்த வருமானம்.