ஒலியே திரை

பார்வையற்ற ஒருவர் கணினியை இயக்குகிறார். திரையில் உள்ளதை ‘ஓர்கா’ என்னும் மென்பொருள் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். குரல் எழவில்லை. பிழைச் செய்தி தோன்றினாலும் அவர் எப்படி அறிவார்? பிறரைத்தான் அழைக்க வேண்டும்.

அவருடைய கணினியில் இருப்பது லினக்ஸ். எவரும் திருத்தக்கூடிய இயங்குதளம். தொடக்கக் காலத்தில், ஒரு செயலி ஒலி அட்டையைப் பிடித்துக்கொண்டால் மற்றொன்று வாயடைத்து நிற்கும். 2008இல் உபுண்டு, பல ஒலிகளைக் கலந்து தரும் பல்ஸ்ஆடியோவை ஏற்றது. புதிய கோளாறுகளும் தலைகாட்டின. 2021இல் ஃபெடோரா, பைப்வயர் என்னும் புதிய அமைப்புக்கு மாறியது. சிக்கல்கள் குறைந்தன, முற்றும் மறையவில்லை.

பார்வையுள்ளவருக்கு ஒலி நின்றால் எரிச்சல். இவருக்கோ கணினியே இருண்டுவிடுகிறது. எவரும் திருத்தக்கூடியது எவருக்கும் பயன்பட வேண்டும் அல்லவா?