குமராட்சி கொட்டகையில் ஒரு ஹெரால்டு

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும் ஊர் குமராட்சி. ஒன்றியத் தலைமையிடம் என்று பேர்தானே தவிர, சுற்றிலும் வயல், வாய்க்கால், தெற்கே கொள்ளிடம். இந்த ஊரில் கார் என்றால் கல்யாணத்துக்கு வாடகைக்கு வருகிற கார்தான் என்று பலர் நினைத்திருந்த காலத்தில், ஒரு விவசாயி வீட்டில் சொந்தமாக ஒன்று நின்றது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966 மாடல், இரண்டு கதவு. சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடமிருந்து 1974-ல் வாங்கியது.

2003-ல் ஒரு நாள் ஓடாமல் நின்றது. நெல் விற்ற பணம் வந்ததும் பார்க்கலாம் என்று கொட்டகைக்குள் தள்ளினார்கள். அப்புறம் எத்தனையோ நெல் விற்ற பணம் வந்தது, போனது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் கொட்டகைக் கூரை பறந்தது. 2015 நவம்பர் மழையில் சக்கரம் பாதி முழுகியது. கோழி ஒன்று பின் சீட்டில் தொடர்ந்து முட்டையிட்டு வந்தது. (வீட்டில் காரால் கிடைத்த ஒரே வருமானம் அதுதான் என்று ஆயா சொல்வார்.)

2020 ஊரடங்கில் காலேஜ் மூடி, பேரன் ஊருக்கு வந்தான். மெக்கானிக்கல் படிக்கிற பையன். அதுவரை அவன் செல்போனில் பார்த்ததெல்லாம் அமெரிக்காக்காரர்கள் பழைய சுபாருவை வீட்டு கராஜில் பிரித்துப் போடுகிற வீடியோக்கள். சுபாரு இஞ்சின் படுத்த மாதிரி இருக்கும்; சிலிண்டர்கள் இடமும் வலமுமாக எதிரெதிரே நிற்கும். 2.5 லிட்டர் இஞ்சினில் ஹெட் கேஸ்கெட் ஒழுகுவது ஊரறிந்த வியாதி. அங்கே ஆட்கள் இஞ்சினையே வெளியே தூக்கி, சமையலறை மேஜை மாதிரி ஒன்றில் வைத்து சரி பண்ணுகிறார்கள். நம்ம ஊரில் சுபாருவுக்கு எங்கே போவது? 2000களின் நடுவில் செவர்லே ஃபாரெஸ்டர் என்ற பெயரில் ஜெனரல் மோட்டார்ஸ் கொஞ்சம் விற்றது, அவ்வளவுதான். கொட்டகையில் இருந்தது ஹெரால்டு. அதனால் ஹெரால்டு.

"தாத்தா, இத நான் பிரிக்கட்டுமா?"

"பிரிச்சா மாட்டத் தெரியுமாடா ஒனக்கு?"

"தெரியாது."

"அப்ப சரி, பிரி. தெரியும்னு சொல்லியிருந்தா சாவி குடுத்திருக்க மாட்டேன்."

இந்தக் கார் மெட்ராஸ் தயாரிப்பு என்பது இப்போது பலருக்கு மறந்துவிட்டது. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென் எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1961-ல் ஹெரால்டு. பிற்பாடு இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டும், 1972-ல் கெஸலும் வந்தன. 1985-ல் ரோவர் உடம்புக்குள் பழைய வான்கார்டு வம்ச இஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை விட்டார்கள். பெரிய இடத்துப் பெண்ணுக்குக் கிழட்டு மாப்பிள்ளை. மாருதி 800 வந்துவிட்ட காலத்தில் யார் வாங்குவார்? 1988-ல் கார் தயாரிப்பே நின்றது.

ஹெரால்டை வீட்டிலேயே பிரிக்கலாம் என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்து வந்த கம்பெனியை 1953-ல் பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஆஸ்டின், மாரிஸ் கார்களின் சொந்தக்காரர்கள் அவர்கள். நம்ம அம்பாஸடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அவர்கள் வீட்டுப் பிள்ளை. போட்டிக் கம்பெனியிடம் போய் முழு பாடி கேட்க முடியுமா? அதனால் தனியாக ஒரு இரும்புச் சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாகச் செய்த பாடியை போல்ட் போட்டு மாட்டுவது என்று முடிவு செய்தார்கள். டிசைன் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1959-ல் அங்கே கார் வந்தது. கூரையைத் தனியாகக் கழற்றலாம். பின்பக்கத்தைத் தனியாகத் தூக்கலாம். பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். சாய்த்துவிட்டு டயர் மேலேயே உட்கார்ந்து இஞ்சின் வேலை பார்க்கலாம். அங்கே நடந்த கம்பெனிச் சண்டையால் குமராட்சியில் ஒரு பையனுக்கு வேலை சுலபமானது.

சுலபம் என்றால் ரொம்பச் சுலபம் இல்லை. முதல் நாளே ஸ்பேனர் காலை வாரியது. இந்தக் கார் முழுக்க அங்குல நட்டுகள். வீட்டில் இருந்ததோ டிராக்டருக்கு வாங்கிய மில்லிமீட்டர் செட். அரை அங்குல நட்டுக்கு 13 ஸ்பேனர் ஏதோ உட்காரும், கொஞ்சம் அழுத்தினால் முனை மழுங்கும். 9/16 நட்டு 14.3 மில்லிமீட்டர் வரும். 14 ஏறாது, 15 சுற்றும். தாத்தா உள்ளே போய் பரண் மேலிருந்து ஒரு கோணிச் சுருளை எடுத்து வந்தார். எண்ணெய்த் துணிக்குள் ஏழு அங்குல ஸ்பேனர்கள், ஒரு ஃபில்லர் கேஜ். அப்போதுதான் பையனுக்குத் தெரிந்தது, தாத்தா கார் ஓட்டினவர் மட்டும் இல்லை, அடியில் படுத்தவரும்கூட என்று.

இஞ்சின் பிடித்துப் போயிருந்தது. பதினேழு வருஷம் நின்றால் பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டிக்கொள்ளும். நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டையில் டீசல் ஊற்றி விட்டார்கள். தினம் காலையில் ஊற்றுவது, டாப் கியரில் போட்டு இரண்டு பேர் காரை முன்னும் பின்னும் ஆட்டுவது. அவசரப்பட்டு கம்பி போட்டு நெம்பினால் ரிங் உடையும். ஒன்பதாம் நாள் அரை அங்குலம் அசைந்தது. ஆயா விபூதி வைத்தார்... இஞ்சினுக்கு!

948 சி.சி. இஞ்சின், 63 மில்லிமீட்டர் போர், 76 ஸ்ட்ரோக். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் எதிர்பார்த்ததை விடச் சுத்தம். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் குழிந்திருந்தது. அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும்; அது வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு மெத்தை மாதிரி. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல்தான். நம் மூச்சுக்கு அது நல்லது, பழைய இரும்பு ஹெட்டுக்குக் கொஞ்சம் கஷ்டம். லேத் பட்டறையில் கொடுத்து கடினமான வால்வு சீட் வளையம் இறக்கினார்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் அது ஊறவைத்துப் பதம் பார்க்கும். எல்லா ஹோஸும் மாற்ற வேண்டியதாயிற்று. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கைப் பாதி காலியாக மாசக்கணக்கில் வைக்கக் கூடாது.

அந்த இஞ்சினில் இன்னொரு விஷயம், யாராவது பழைய ஹெரால்டு வாங்கப் போனால் உதவும். கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடிக்க அரை வட்டத்தில் இரண்டு வாஷர்கள் உண்டு. தேய்ந்தால் கீழே ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும். அப்புறம் ஷாஃப்ட்டே பிளாக்கை அறுக்கும். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் குனிந்து புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னே தள்ளினால் வாஷர் போச்சு. கணக்குக்கு நாலு முதல் எட்டு தௌ, அதாவது கால் மில்லிமீட்டர்கூடக் கிடையாது. தாத்தா கிளட்சு மிதித்தார், பேரன் பார்த்தான். தப்பித்தது.

2021 முழுக்க இப்படிப் போனது. காலேஜ் திறந்தபின் சனி ஞாயிறு மட்டும். பிரச்சினை வந்தது இஞ்சினில் இல்லை, முன் சக்கரத்தில்.

ஹெரால்டின் முன் சக்கரம் திரும்புவது ஒரு மரையின் மேல். நிமிர்ந்து நிற்கும் ஒரு எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டிக்குள் திருகி நிற்கும். ட்ரன்னியன் என்று பேர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு மரைக்குள் கொஞ்சம் ஏறி இறங்கும். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. முன்பக்க எடையும் பள்ளத்தில் விழுகிற அடியும் இதன் மேல்தான்.

பையன் சக்கரத்தைக் கழற்றி, மண்ணைச் சுரண்டி, கிரீஸ் கன்னை வைத்து நன்றாக அழுத்தினான். மேலே கிரீஸ் பிதுங்கி வந்தது. சந்தோஷம். அன்றிரவு சர்வீஸ் புத்தகத்தைப் படிக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது: அங்கே போட வேண்டியது கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் மரையின் அடிவரை போகாது. மேலே கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். கீழே தண்ணீர் தங்கும். வெளியே பார்த்தால் பளபள, உள்ளே துரு. கடைசியில் ஒரு நாள் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். இது இந்த வகைக் கார்களில் உலகம் முழுக்கத் தெரிந்த கோளாறு.

மறுநாள் இரண்டையும் கழற்றினான். வலது பக்கம் சுமார். இடது பக்கத்து மரை காப்பிப்பொடி மாதிரி கையோடு வந்தது. லேத் பட்டறைக்காரர் அதை வாங்கி மண்ணெண்ணெயில் ஊற வைத்து, துடைத்து, சாக்பீஸ் தூளைத் தடவி வெயிலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளின் மேல் முடி மாதிரி ஒரு ஈரக்கோடு. விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் வெளியே கசிகிற கோடு அது. தண்டின் சுற்றளவில் பாதிக்கு மேல் ஓடியிருந்தது.

அதை வீட்டுக்குக் கொண்டு வந்து திண்ணையில் வைத்தான். தாத்தா எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

மூன்று மாசத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டு, பக்கத்தில் நின்று, "முன்னாடி நல்லா கிரீஸ் அடிப்பா" என்று சொல்லி அடிக்க வைத்தவர் அவர். கூடவே டீக்காசும் கொடுத்தவர். 1979 ஐப்பசி மழையில், வலி எடுத்த ஆயாவைப் பின் சீட்டில் படுக்க வைத்து ராத்திரி சிதம்பரத்துக்கு ஓட்டிப் போனதும் இந்தக் காரில்தான். அந்தப் பிரசவத்தில் பிறந்தவர்தான் பையனின் அப்பா. ரோடெல்லாம் தண்ணீர், பள்ளம் எது மேடு எது தெரியாது. அந்தக் கதையை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

"இத காயலாங்கடைக்குப் போட்டுடுடா," என்றார் தாத்தா.

"ஏன் தாத்தா, வேற வாங்கி மாட்டிக்கலாம்."

"மாட்டிட்டு நீ ஓட்டுவ. வேணாம்."

ரெண்டு வாரம் கொட்டகைப் பக்கமே அவர் போகவில்லை. சென்னையிலிருந்து அப்பாவும் போனில் அதையேதான் சொன்னார், ஆனால் வேறு காரணத்துக்காக: இடம் அடைக்கிறது, விற்றால் இரும்பு விலையாவது வரும். பையன் சண்டை போடவில்லை. தாத்தாவைத் திட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்று கிரீஸ் பேச்சையே விட்டுவிட்டான். நாலு நாள் கழித்து, "நானும்தான் தாத்தா கிரீஸ் அடிச்சேன்" என்று மட்டும் சொன்னான். உண்மைதானே! புத்தகம் படிக்காமல் அடித்தவர்கள் பட்டியலில் ரெண்டு பேரும் உண்டு.

புதுப்பேட்டையில் கேட்டுப் பார்த்தான். கிடைத்ததெல்லாம் இதைவிட மோசம். இங்கிலாந்தில் டிரையம்ப் கார்களுக்கு இன்றும் புது பார்ட்ஸ் செய்கிறார்கள். ஸ்பிட்ஃபயர் போன்ற கார்கள் ஹெரால்டின் உறவுக்காரர்கள், அவற்றுக்கு அங்கே நல்ல கிராக்கி. இரண்டு தண்டு, இரண்டு ட்ரன்னியன், ரப்பர்கள் வரவழைத்தான். சுங்க வரியோடு சேர்த்துப் பார்த்தால் அந்தக் காசுக்கு ஒரு பழைய பைக் வாங்கியிருக்கலாம். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. இது புத்திசாலித்தனமா என்று கேட்டால், இல்லை. கணக்குப் பார்க்கிறவன் ஹெரால்டைத் தொடவே மாட்டான்.

பார்சல் வந்த அன்று தாத்தா கொட்டகைக்கு வந்தார். புதுத் தண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆயில் கன் எங்கடா?" என்றார்.

இஞ்சின் 2023 பொங்கலுக்கு மறுநாள் ஓடியது. வால்வு கிளியரன்ஸ் 10 தௌ, தாத்தாவின் ஃபில்லர் கேஜில் பார்த்தது. முதல் நிமிஷம் புகை, ரெண்டாவது நிமிஷம் இன்னும் புகை, அப்புறம் தையல் மெஷின் சத்தம். பிரேக்கில் ரப்பர் முழுக்கப் புதுசு. பெயிண்ட் மட்டும் இன்னும் அடிக்கவில்லை.

ரோட்டில் இன்னும் இறங்கவில்லை. ஆர்.சி. எப்போதோ காலாவதி. 2025 ஆகஸ்டிலிருந்து இருபது வருஷத்துக்கு மேற்பட்ட காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் பத்தாயிரம் ரூபாய். 2022 வரை அது அறுநூறாக இருந்தது. இன்னொரு வழி, 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் கொண்டுவந்த விண்டேஜ் பதிவு. இருபதாயிரம் கட்டினால் 'வி.ஏ.' எழுத்தோடு நம்பர் கிடைக்கும், பத்து வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ஓட்டலாம். ஆயாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனால் அது கண்காட்சியில் சேருமா என்று தாத்தா கேட்கிறார். பதில் சொல்ல ஆள் இல்லை.

அதுவரை களத்தில்தான் ஓட்டம். ஹெரால்டுக்கு 25 அடி விட்டத்தில் முழு வட்டம் அடிக்கத் தெரியும். வைக்கோல் போரை ஒரே ஒடிப்பில் சுற்றி வரும். தாத்தா ஓட்ட, பையன் பக்கத்தில். ஆயா இன்னும் ஏறவில்லை. "அந்தச் சக்கரம் என்னிக்கு ஒடியப்போவுதோ" என்று திண்ணையிலிருந்தே பார்க்கிறார்.

கியர் ஆயில் போட்டால் ட்ரன்னியன் அடியில் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். கொட்டகைத் தரையில் முன் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு கொட்டாங்குச்சி வைத்திருக்கிறார் தாத்தா. தினம் காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து குனிந்து பார்ப்பார். சொட்டியிருந்தால் சரி. காய்ந்திருந்தால் ஆயில் கன்னை எடுப்பார்.